பழைய ஐரோப்பிய நகையின் காலத்தைக் கண்டறிவது எப்படி: கொழும்பில் வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி

செட்டியார் தெருவில் ஒரு பழைய நகையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது முதலில் தராசில் ஏறும், அடுத்து உரைகல்லில் உரைக்கப்படும். தங்கம் 22 கரட் இல்லை என்று தெரிந்ததும் விலை சரிந்துவிடும். நம்முடைய அட்டியலுக்கும் காப்புக்கும் இந்த முறை சரியானது, ஏனெனில் அவற்றின் பெறுமதியில் பெரும்பகுதி தங்கத்திலேயே இருக்கிறது. ஆனால் பறங்கியர் குடும்பமொன்றிலிருந்து கைமாறி வந்த ஒரு புரோச்சையோ, தோட்டத்துரை ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப்போன மோதிரத்தையோ இதே தராசில் வைத்தால் அதன் பெறுமதியில் மிகச் சிறிய பகுதியே கணக்கில் வரும். மீதி, அது எந்தக் காலத்தில், எந்த முறையில் செய்யப்பட்டது என்பதில் இருக்கிறது. உருக்கிய பிறகு அதை யாராலும் மீட்க முடியாது. ஆகவே விற்கவோ அடைவு வைக்கவோ முன்னர், அந்த நகையின் காலத்தை ஓரளவேனும் நீங்களே கணித்துக்கொள்ளும் வழியை இங்கே எழுதுகிறேன்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கி (கல் வியாபாரிகளின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் அதே லூப்), கைப்பேசி விளக்கு, வெள்ளைத்தாள், மென்மையான தூரிகை, சிறு காந்தம் ஆகியவை போதும். நகையைக் கழுவாமலே பார்க்கத் தொடங்க வேண்டும். இதற்கான காரணம் கீழே வருகிறது.

முகத்தை விட்டு முதுகைப் பாருங்கள்

பாணி என்பது நகையின் முகம், அதை யாரும் எப்போதும் திரும்பச் செய்யலாம். மறுமலர்ச்சிக் காலத்து எனாமல் (உலோகத்தின் மேல் உருக்கிப் பூசும் நிறக்கண்ணாடி) பதக்கங்களை 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் மீண்டும் செய்தார்கள். ஜெர்மனியின் ஆகன் நகரத்துப் பொற்கொல்லர் ரைன்ஹோல்ட் வாஸ்டர்ஸ் செய்தவை பல, 16ஆம் நூற்றாண்டுப் பொருட்களாகவே பெரிய நூதனசாலைகளில் இடம்பிடித்திருந்தன. லண்டன் விக்டோரியா அன்ட் அல்பர்ட் நூதனசாலையில் கிடந்த அவருடைய வரைபடங்களை 1970களின் இறுதியில் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் உண்மை வெளிவந்தது. நிபுணர்களுக்கே இந்த நிலை என்றால், முகத்தை மட்டும் பார்த்து 'இது விக்டோரியா காலத்து நகை' என்று சொல்லும் வியாபாரியின் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். பின்புறம், கொக்கி, கல்லின் பட்டை, பற்றாசு (உலோகத் துண்டுகளை உருக்கி ஒட்டும் கலவை) இட்ட இடங்கள் ஆகியவற்றில் ஏமாற்றுவது கடினம், ஏனெனில் அவை அந்தந்தக் காலத்துப் பட்டறையில் இருந்த கருவிகளையும் உலோகங்களையும் பொறுத்தவை.

நகையைத் திருப்பியதும் கவனிக்க வேண்டியது, கற்களின் பின்புறம் அடைத்திருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதே. பிரித்தானியாவில் ஜோர்ஜ் மன்னர்கள் ஆண்ட காலத்தில், அதாவது 1714 முதல் 1830 வரையான காலத்தில், கற்களுக்குப் பின்னால் மெல்லிய உலோகத் தகடொன்றை வைத்து, காற்றுப் புகாமல் அடைத்துவிடுவது பெருவழக்கமாக இருந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் கல் மின்ன வேண்டும், நிறம் மங்கிய கல்லும் ஆழ்ந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1800க்குப் பிறகு வைரங்களின் பின்புறத்தைச் சிறிது சிறிதாகத் திறந்துவிடத் தொடங்கினார்கள், அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் திறந்த பதிப்பே (கல்லைப் பதிக்கும் அமைப்பு) பொதுவாகிவிட்டது. எனவே அடைத்த பின்புறம் பழைமையின் ஓர் அறிகுறி. அது மட்டுமே சான்றாகிவிடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும், ஏனெனில் நம்முடைய பாரம்பரிய நகைகளிலும் அடைத்த பதிப்பு உண்டு.

கழுவாதீர்கள் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இந்தத் தகடுதான். தங்கம் என்றாலே பூந்திக்கொட்டை ஊறவைத்த நீரில் போட்டுத் தேய்ப்பது நம் வீடுகளில் பழக்கம். அடைத்த பதிப்புக்குள் ஒரு துளி நீர் புகுந்தாலே தகடு கறுத்துப்போய், கல் செத்ததுபோல் மங்கிவிடும். அதைச் சரிசெய்யக் கல்லைக் கழற்ற வேண்டியிருக்கும், கழற்றினால் பதிப்பின் பழைமையும் போய்விடும். கொழும்பின் ஈரக்காற்றும் வியர்வையும் போதாதென்று நாமே இந்தத் தீங்கைச் செய்ய வேண்டாம்.

வைரம் பதித்த பாகம் கறுத்தும் பின்புறம் மஞ்சளாகவும் இருந்தால் அது குறையல்ல. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் வைரங்களை வெள்ளியில் பதித்து, அந்த வெள்ளியின் பின்னால் தங்கத் தகட்டைப் பற்றவைத்தார்கள். மஞ்சள் உலோகம் வைரத்துக்கு மஞ்சள் சாயல் கொடுக்கும் என்பதாலும், வெள்ளி உடையிலும் தோலிலும் கறை ஏற்படுத்தும் என்பதாலும் இந்த ஏற்பாடு. ஒரு முறை இத்தகைய பிறைவடிவப் புரோச்சொன்றை உருப்பெருக்கியில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. முன்புறத்து வெள்ளி கரிபோல் கறுத்திருக்க, அதன் விளிம்பை ஒட்டி, பக்கவாட்டில் பார்த்தால் மட்டும் தெரியும்படி, மயிரிழை அளவில் ஒரு தங்கக் கோடு ஓடியது. உரிமையாளர் அதைப் 'பொலிஷ்' பண்ணிக் 'கவரிங்' நகை இல்லை என்று காட்ட விரும்பினார். அந்தக் கறுப்பும் அந்தக் கோடும்தான் அதன் பிறப்புச் சான்றிதழ் என்று சொல்லித் தடுக்க வேண்டியதாயிற்று.

கொக்கியும் ஊசியும்

சேலை முந்தானையைத் தோளில் பொருத்தும் வழக்கத்தால் கொழும்பில் புரோச்சுகள் நிறையவே தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றின் ஊசியை முதலில் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டுப் புரோச்சில் ஊசி நகையின் விளிம்பையும் தாண்டி நீண்டிருக்கும், அதைப் பிடிக்கும் கொக்கி, பூட்டு எதுவுமின்றி அரைவட்டமாக வளைத்த சிறு தகடாக இருக்கும். ஊசி கழன்றுவிடாமல் சுழற்றிப் பூட்டும் கொக்கி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவியது. தோட்டில், துளையில்லாத காதுக்குத் திருகிப் பொருத்தும் அமைப்பு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், கவ்விப் பிடிக்கும் அமைப்பு 1930களிலும் வந்தவை. இவ்வகை அமைப்பு இருந்தால் நகை அதற்கு முந்தியதல்ல, அல்லது பின்னர் மாற்றப்பட்டது.

இரண்டாவது சாத்தியம் இங்கே மிக அதிகம். புரோச்சைப் பதக்கமாக்குவதும், ஒற்றைத் தோட்டை மோதிரமாக்குவதும் நம்மூர்ப் பத்தர்மாருக்குக் கைவந்த வேலை. பின்புறத்தில் சாம்பல் நிறத்தில் பற்றாசுத் தழும்பு தெரிந்தால், அங்கே ஒருகாலத்தில் ஊசியோ வளையமோ இருந்திருக்கிறது. பழைய நகை ஈயப் பற்றாசால் ஒட்டப்பட்டிருந்தால் அது மட்டமான பழுதுபார்ப்பு, விலையைக் குறைத்துக் கேட்க அது நியாயமான காரணம்.

கல்லின் பட்டை

இரத்தினக்கல்லுக்குப் பேர்போன ஊரில் இருப்பதால் நாம் கல்லின் நிறத்தையே முதலில் பார்க்கிறோம். காலத்தைக் கணிக்க நிறம் உதவாது, பட்டை உதவும். இடைக்காலத்து ஐரோப்பிய நகைகளில் கற்களுக்குப் பட்டை தீட்டாமல், இயற்கை வடிவத்தை ஒட்டி வழுவழுப்பாக மெருகேற்றிப் பதித்தார்கள். பிறகு வைரத்தின் இயற்கைக் கூர்முனையைச் சமன்படுத்திய மேசை வெட்டு வந்தது. அடிப்பக்கம் தட்டையாகவும் மேற்பக்கம் முக்கோணப் பட்டைகள் கூடிய கூம்பாகவும் அமைந்த ரோசா வெட்டு அதைத் தொடர்ந்தது. இத்தகைய பழைமையுள்ள நகை உங்கள் கைக்கு வருவது மிக அரிது, ஆகவே அவற்றை நூதனசாலைக்கு விட்டுவிடலாம்.

நமக்குப் பயன்படுவது 18ஆம் நூற்றாண்டிலிருந்து வருபவை. 1720களில் பிரேசிலில் வைரம் கண்டெடுக்கப்படும்வரை ஐரோப்பாவுக்கு வைரம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றது, பிரேசில் வைரம் பெருகியதும் நகைகளில் வைரம் இன்னும் முன்னுக்கு வந்தது. அக்கால வைரம் மூலை உருண்ட சதுரமாக, ஆழமாக இருக்கும். மேலிருந்து நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு சிறு துளைபோல் வட்டம் தெரியும். உண்மையில் அது துளையல்ல, அடிமுனையைக் கூராக்காமல் சமன்படுத்தி விட்டதன் தோற்றம். 1867க்குப் பிறகு தென்னாபிரிக்க வைரம் வெள்ளமாக வந்தது, வட்ட வடிவம் பெருகியது. இன்று எல்லாக் கடைகளிலும் காணும் ஒளிமிகு வட்ட வெட்டின் அளவுகளைப் பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணித்து வெளியிட்டது 1919இல். அவ்வகை வைரம் 'பாட்டியின் பாட்டி' நகையில் இருந்தால் யாரோ கல்லை மாற்றியிருக்கிறார்கள். ரோசா வெட்டு மட்டும் 20ஆம் நூற்றாண்டிலும் மலிவான நகைகளில் தொடர்ந்ததால் அதைத் தனிச் சான்றாகக் கொள்ளக்கூடாது.

நிறக்கற்களில் இரண்டு சோதனைகள் அவசியம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, நிறக்கண்ணாடியின் மேல் மெல்லிய கார்னட் (சிவப்பு நிறக் கல்) தகட்டை உருக்கி ஒட்டி, பட்டை தீட்டி, நீலமென்றும் மரகதமென்றும் விற்றார்கள். கல்லின் முகம் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். அது ஒட்டுக்கல்லாக இருந்தால், நீலக்கல்லைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் தாளில் தெரியும். இதை முதன்முறை பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். அத்தகைய கல் கிடைத்தால் வருந்த வேண்டியதில்லை, அது காலத்துக்குரிய பொருளே.

இரண்டாவது, செயற்கைக் கல். சுடரில் உருக்கி மாணிக்கம் செய்யும் முறையைப் பிரெஞ்சு வேதியியலாளர் ஓகுஸ்த் வெர்னுய் 1902இல் அறிவித்தார், செயற்கை நீலமும் 1910 அளவில் வந்துவிட்டது. லூப்பில் பார்த்தால் இவற்றினுள்ளே இசைத்தட்டின் கோடுகளைப்போல் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் வாயுக் குமிழ்களும் தெரியும். இயற்கைக் கல்லில் கோடுகள் நேராகவோ கோணமாகவோ இருக்கும், நம் நாட்டு நீலத்தில் பட்டிழை போன்ற ஊசிகளும் இருக்கலாம். செயற்கைக் கல் இருந்தால் நகை போலி என்று அவசரப்படக்கூடாது. 1920களில் வைரத்தைச் சுற்றி நீலக்கோடு வரைய, அளவாக வெட்டிய செயற்கை நீலத்தைப் பல பட்டறைகள் வெளிப்படையாகவே பயன்படுத்தின.

இலங்கைக் கல் பதித்திருப்பதால் நகையும் இங்கேதான் செய்யப்பட்டது என்ற முடிவுக்கும் வரக்கூடாது. 1912இல் லண்டன் சீப்சைட் பகுதியில், இடித்த கட்டடமொன்றின் நிலவறையில் கிடைத்த 17ஆம் நூற்றாண்டு நகைப் புதையலில் கொலம்பியா மரகதங்களோடு இலங்கைக் கற்களும் இருந்தன. நம் கற்கள் அவ்வளவு முன்னரே அங்கே போய், சில வேளைகளில் ஐரோப்பிய நகையாகி மீண்டும் கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கியிருக்கின்றன.

முத்தைப் பொறுத்தவரை, மன்னார்க் கடலிலும் பாரசீக வளைகுடாவிலும் குளித்தெடுத்த இயற்கை முத்துகளே 1920கள் வரை ஐரோப்பிய நகைகளில் பெரும்பாலும் இருந்தவை. ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தையை நிறைத்தது அதற்குப் பிறகே. துளையின் வாயில் லூப்பை வைத்துப் பார்க்கும்போது மேல்தோலுக்கும் உள்மணிக்கும் இடையே கோடு தெரிந்தால் பெரும்பாலும் வளர்ப்பு முத்து. உறுதிப்படுத்த எக்ஸ்கதிர்ப் பரிசோதனை வேண்டும்.

முத்திரைகளை வாசித்தல்

பிரித்தானிய முத்திரை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், எடின்பரோவுக்குக் கோட்டை என்பன அடையாளங்கள். அவற்றின் பக்கத்தில் இருக்கும் ஒற்றை எழுத்து ஆண்டைக் குறிக்கும். எழுத்தின் வடிவமும் அதைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவமும் சேர்ந்தே ஆண்டைக் காட்டும் என்பதால், அட்டவணையோடு ஒப்பிடும்போது இரண்டையும் பார்க்க வேண்டும். மன்னர் அல்லது அரசியின் தலை இருந்தால் அது 1784க்கும் 1890க்கும் இடைப்பட்ட வரி முத்திரை. ஆர்.டி. என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் இருந்தால் அது வடிவமைப்புப் பதிவு எண், நகை 1884க்கு முந்தியதல்ல. பிரெஞ்சு நகையில் கழுகுத் தலை 18 கரட் தங்கத்தைக் குறிக்கும். அந்த முத்திரை 1838இல் தொடங்கி இன்றும் தொடர்வதால், நகை 1838க்கு முந்தியதல்ல என்பதை மட்டுமே அது காட்டும்.

உரைகல்லில் நகை தோற்றுப்போகும் இடமும் இதுவே. பிரித்தானியாவில் 1854இல் 9, 12, 15 கரட் தங்கம் சட்டபூர்வமாக்கப்பட்டது. 1932இல் 12ஐயும் 15ஐயும் நீக்கி 14 கரட்டைக் கொண்டுவந்தார்கள். ஆகவே பிரித்தானிய முத்திரையோடு 15 என்றோ .625 என்றோ பொறித்த நகை கையில் இருந்தால், 1854க்கும் 1932க்கும் இடையில் அதன் காலத்தை நம்பிக்கையோடு வைக்கலாம். '22 இல்லை, கலப்படம்' என்று கடைக்காரர் சொல்வது நம் சந்தையின் அளவுகோல், நகையின் குற்றமல்ல. முத்திரையே இல்லாவிட்டாலும் கவலைப்பட வேண்டாம், 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளின் பல நகைகள் முத்திரையில்லாதவையே. பத்தர் உரைத்துப் பார்க்கத்தான் வேண்டுமென்றால், பின்புறத்தில் மறைவான ஓரிடத்தில் மட்டும் உரைக்கச் சொல்லுங்கள். 1840இல் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு வந்த முலாம் நகைகளும், லண்டன் கடிகாரத் தொழிலாளி கிறிஸ்டோபர் பின்ச்பெக் 18ஆம் நூற்றாண்டில் செய்த செம்பு-துத்தநாகக் கலவை நகைகளும் உரைத்தால் தழும்பாகிவிடும். உண்மையான பின்ச்பெக் நகையை இன்று சேகரிப்போர் ஆவலோடு தேடுகிறார்கள்.

இப்போது முகம்

இவ்வளவும் பார்த்த பின்னரே பாணிக்கு வர வேண்டும். 1820கள், 1830களில் தங்கம் தட்டுப்பாடாக இருந்ததால் மெல்லிய பொற்கம்பியைச் சுருட்டிச் சுருட்டிப் பெரிய நகையாகக் காட்டினார்கள். கலிபோர்னியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 1848 முதல் 1851 வரையான ஆண்டுகளில் தங்கம் கண்டெடுக்கப்பட்ட பின்னர் நகைகள் பருத்தன. பர்மிங்ஹாம் இயந்திரங்கள் அச்சில் அடித்த உட்குழிவான லொக்கெட்டுகளை ஆயிரக்கணக்கில் வெளியிட்டன. ரோமில் கஸ்தெல்லானி குடும்பத்தினர் ரோமருக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்க மக்களின் கல்லறைகளில் கிடைத்த நகைகளைப் பார்த்து, பொடிமணிகளால் அலங்கரிக்கும் கலையை மீட்டெடுக்க முயன்றார்கள். பாம்பு வடிவமும் அக்காலத்தது. விக்டோரியா அரசியின் நிச்சயதார்த்த மோதிரமே பாம்பு வடிவில் மரகதத்தோடு செய்யப்பட்டது.

1861இல் அவருடைய கணவர் அல்பர்ட் இறந்ததும் கறுப்பு நகைகள் பெருகின. இங்கிலாந்தின் விட்பி ஊரின் ஜெட் (கறுத்துக் கல்லாகிப்போன பழங்கால மரம்) இலேசாக இருக்கும், கையில் குளிராது, மெருகிடாத பீங்கானில் உரைத்தால் பழுப்புக் கோடு விழும். அதைப்போலச் செய்த கறுப்புக் கண்ணாடி கனமாகவும் குளிராகவும் இருக்கும். வல்கனைட் ரப்பரோ வெயிலில் பழுப்பேறிவிடும். லொக்கெட்டின் பின்புறக் கண்ணாடிக்குள் பின்னிய தலைமயிர் இருந்தால் அருவருத்து எறிந்துவிடாதீர்கள், இறந்தவரின் நினைவாக வைத்த அந்த மயிரும் நகையின் ஒரு பகுதியே.

1890களில் பாரிசில் இயற்கையின் வளைவுகளை நகைக்குள் கொண்டுவரும் பாணி எழுந்தது. நகைக்கலைஞர் ரெனே லாலிக் 1900ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் புகழின் உச்சியைத் தொட்டார். வைரத்தைவிடக் கொம்பையும் கண்ணாடியையும் ஒப்பல் கல்லையும் அவர் மதித்தார். பின்தகடு இல்லாத எனாமலில் செய்த தும்பியின் சிறகை விளக்குக்கு முன் பிடித்தால் அது ஒளிவிடும். நம் மீட்டியாகொடவில் அகழும் சந்திரகாந்தக் கல்லுக்கு ஐரோப்பாவில் பெரும் மோகம் ஏற்பட்டதும் அக்காலத்தில்தான். என் கண்ணுக்கு ஐரோப்பிய நகைக்கலையின் மிகத் துணிச்சலான இருபது ஆண்டுகள் அவை.

அதே ஆண்டுகளில் செல்வந்தர்கள் பிளாட்டினத்துக்கு மாறினார்கள். 1768 பாகை செல்சியசில் உருகும் அந்த உலோகத்தைப் பட்டறையில் கையாள ஒட்சிசன் கலந்த சுடர் வழிசெய்தது. வெள்ளியைவிட வலிமையானதாகையால் சரிகை வேலைபோல் மெல்லிய கம்பிகளில் வைரத்தைத் தொங்கவிட முடிந்தது. வெள்ளை உலோகம் கறுக்காமல், விளிம்பில் நுண்மணிகளோடு இருந்தால் ஏறக்குறைய 1900க்கும் 1915க்கும் இடைப்பட்ட காலத்தை நினைக்கலாம். 1925ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியின் பெயரால் அறியப்படும் ஆர்ட் டெக்கோ பாணியில் வளைவுகள் மறைந்து, நேர்கோடும் கோணமும் நிறமுரணும் வந்தன. 1922இல் துட்டன்காமன் கல்லறை திறந்ததால் எகிப்திய வடிவங்களும் புகுந்தன. போர்க்காலத்தில் பிளாட்டினம் கட்டுப்படுத்தப்பட, 1940களில் சிவந்த தங்கத்தில் பருமனான நகைகள் வந்தன.

கண்ணைப் பழக்க விரும்புவோர் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போகலாம். 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த கண்டிச் சிம்மாசனம் அங்கே இருக்கிறது. அது நகையல்லவெனினும் 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அலங்காரம் எவ்வளவு அடர்த்தியானது என்பதை வேறெந்தப் படமும் இப்படிக் காட்டாது.

கண்டவற்றைத் திகதியிட்டு எழுதி, முன்புறம், பின்புறம், கொக்கி, முத்திரை ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுத்து வையுங்கள். கல்லைப் பற்றிய சந்தேகத்துக்கு தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் பரிசோதனையை நாடலாம். பழுதுபார்க்கக் கொடுத்தால், கல்லைக் கழற்றாமலும் மெருகேற்றாமலும், உடைந்த இடத்தை மட்டும் தொடும்படி எழுத்தில் கேட்டு, எடையையும் கற்களின் எண்ணிக்கையையும் பற்றுச்சீட்டில் போடச் சொல்லுங்கள். மிகப் பழைய பொருளொன்றை வெளிநாட்டில் விற்க எண்ணினால், தொல்பொருட்களை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதால், விமானச்சீட்டு வாங்குமுன் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.